42 எழுத்தில் அறுந்த பெயர்கள்



அரசாங்க உத்தியோகத்தில் 37 வருடம் நான் செய்தது ஒரே வேலைதான் என்று என் மனைவி கேலி செய்வாள்: கோப்பை இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்குத் தள்ளுவது. அது முழுப் பொய்யும் இல்லை. எல்.டி.சி.யாகச் சேர்ந்த முதல் வருடம் என்னை உட்கார வைத்தது தபால் பிரிவில். வருகிற கோப்புக்கு எண் போட வேண்டும், போகிற கோப்பைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், பியூன் புத்தகத்தில் வாங்கியவர் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையெழுத்து வராத கோப்பு போய்ச் சேராத கோப்பு. எங்கள் சூப்பிரண்டு இதைத் தினமும் ஒரு தடவையாவது சொல்வார்.

அந்த வேலையை எழுபத்தைந்து வயதில் மறுபடியும் செய்ய வேண்டி வந்தது. இந்தத் தடவை கோப்புகள் இருந்த இடம் ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி.

போன டிசம்பரில் என் தம்பி மகன் பிரான்சிலிருந்து வந்தான். தம்பி, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் பெண் எடுத்து 1983-இல் போனவன். நம் ஊரில் அப்படிப் போனவர்கள் தெருவுக்கு இரண்டு பேராவது இருப்பார்கள், உங்களுக்குத் தெரியாததல்ல. 2018-இல் அங்கேயே காலமாகிவிட்டான். மகன் தன் பெட்டியில் துணிமணிகளுக்கு நடுவே ஒரு கறுப்புப் பெட்டியைச் சுருட்டி வைத்துக் கொண்டு வந்திருந்தான். செங்கல் கனம். மேல் மூடியில் பெரிதாக ஓர் ஆங்கில எக்ஸ் எழுத்து. அவன் பள்ளிக்கூடத்தில் படித்தபோது விளையாடிய எக்ஸ்பாக்ஸ்.

"பெரியப்பா, ஆயாவோட போட்டோவெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு" என்றான்.

விஷயம் இதுதான். 2007-இல் தம்பி விடுமுறைக்கு வந்தபோது, வீட்டு ட்ரங்குப் பெட்டியில் இருந்த பழைய புகைப்படங்களையெல்லாம் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து ஸ்கேன் செய்து, குறுந்தகட்டில் எடுத்துப் போனான். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்தது. எங்கள் மாடி அறையின் ஓடுகள் பறந்தன. ட்ரங்குப் பெட்டியில் தண்ணீர் நின்று, படங்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு களியாகிவிட்டன. தம்பியிடம் நகல் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். அவன் போன பிறகு தேடினால், அவனுடைய கணினி எப்போதோ பழுதாகித் தூக்கிப் போடப்பட்டிருந்தது. குறுந்தகட்டைப் போட்டால் எந்தக் கணினியும் படிக்கவில்லை. டிவியில் குடும்பத்தோடு பார்ப்பதற்காக மகனுடைய விளையாட்டுப் பெட்டிக்குள் அவன் ஏற்றி வைத்திருந்த நகல் ஒன்றுதான் மிச்சம்.

விளையாட்டுப் பெட்டிக்குள் குடும்பப் படம் எப்படிப் போகும்? எனக்கும் அதே சந்தேகம்தான். மூன்று நாள் மாலை அவனோடு உட்கார்ந்ததில் பாதி அவன் சொல்லியும், பாதி நானே தேடிப் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். இதில் இரண்டு சரித்திரங்கள் இருக்கின்றன. ஒன்று கோப்பை அனுப்புகிற வழியின் சரித்திரம். மற்றொன்று பூட்டைத் திறந்த சரித்திரம்.

அனுப்புகிற வழி நம் நாட்டுக்காரர் ஒருவரிடமிருந்து தொடங்குகிறது. அவர் பெயர் அபய் பூஷண். அலகாபாத்தில் பிறந்தவர். கான்பூர் ஐஐடி தொடங்கியபோது அங்கே சேர்ந்த முதல் அணி மாணவர்களில் ஒருவர். அங்கிருந்து அமெரிக்காவின் எம்ஐடிக்குப் படிக்கப் போனார். அப்போது அர்ப்பாநெட் என்ற கணினி வலை முளைவிட்டிருந்தது. இன்றைய இன்டர்நெட்டுக்குத் தாத்தா. 1969-இல் முதல் இணைப்பு, 1971-இல் சுமார் 15 இடங்கள், அவ்வளவுதான். ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு கம்பெனியின் இயந்திரம். ஒன்று எழுத்தைப் பதிந்துவைக்கும் முறை மற்றொன்றுக்குப் புரியாது. பிரெஞ்சில் குறிப்பு எழுதிய கோப்பைத் தமிழ் மட்டும் தெரிந்த அதிகாரியின் மேஜையில் வைத்த கதை.

இப்படிப்பட்ட இயந்திரங்களுக்கு நடுவே கோப்பை அனுப்பவும் வாங்கவும் ஒரு பொது நடைமுறையை அபய் பூஷண் எழுதினார். 1971 ஏப்ரல் 16 தேதியிட்ட அந்தக் குறிப்புக்கு ஆர்எஃப்சி 114 என்று எண். கோப்புப் பரிமாற்ற நெறிமுறை, சுருக்கமாக எஃப்டிபி. அது பல திருத்தங்களைக் கண்டு, 1985 அக்டோபரில் ஆர்எஃப்சி 959 என்ற எண்ணில் வந்தது. ஜான் போஸ்டல், ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் என்ற இருவர் எழுதியது. இன்றும் எஃப்டிபி என்றால் அடிப்படை அந்த ஆவணம்தான்.

அதைப் படித்தபோது எனக்கு எங்கள் தபால் பிரிவு ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு இயந்திரங்களுக்கு நடுவே இரண்டு தனித்தனி வழிகள் திறக்கின்றன. ஒன்றில் பேச்சு மட்டும்: யார் நீ, கடவுச்சொல் என்ன, எந்தக் கோப்பு வேண்டும். மற்றொன்றில் கோப்பு மட்டும் போகும். பியூன் புத்தகம் ஒரு கையில், கோப்புக் கட்டு மறு கையில் என்று எங்கள் பியூன் வராந்தாவில் நடந்து வருவது போல. ஒவ்வொரு பேச்சுக்கும் மூன்று இலக்க எண்ணில் பதில் வரும். 331 என்றால் பெயர் சரி, கடவுச்சொல்லைச் சொல். 230 என்றால் உள்ளே வரலாம். 550 என்றால் அந்தக் கோப்பு கிடைக்காது. 226 என்றால் கோப்பு முழுவதும் போய்ச் சேர்ந்தது. அந்த 226-தான் எங்கள் சூப்பிரண்டு கேட்ட கையெழுத்து.

இனி பூட்டின் கதை.

மைக்ரோசாப்ட் நிறுவனம் எக்ஸ்பாக்ஸை 2001 நவம்பர் 15-இல் அமெரிக்காவிலும், 2002 மார்ச் 14-இல் ஐரோப்பாவிலும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிரான்சில் தொடக்க விலை 479 யூரோ. அடுத்த மாதமே 299 ஆகக் குறைத்தார்கள். தம்பி அந்த விலைக்குறைப்புக்காகவே காத்திருந்து வாங்கினானாம். நான் நம்புகிறேன், எங்கள் வீட்டுப் புத்தி அது.

அந்தப் பெட்டி உண்மையில் ஒரு கணினிதான். இன்டெல் செயலி, 733 மெகாஹெர்ட்ஸ் வேகம். 64 மெகாபைட் நினைவகம். உள்ளேயே ஒரு ஹார்ட் டிஸ்க், அதில் 8 ஜிகாபைட் வரை பயன்படும். பின்புறம் நெட்வொர்க் கேபிள் செருகும் துளை. முன்னால் விளையாட்டுக் கைப்பிடி செருகும் நான்கு துளைகளும்கூட நம் யுஎஸ்பியேதான், வாய் மட்டும் வேறு வடிவம். வேறொன்றைச் செருகிவிடக் கூடாது என்பதற்காக.

இவ்வளவும் உள்ள கணினியில் நிறுவனம் கையெழுத்திட்ட நிரலைத் தவிர வேறெதுவும் ஓடாது. இதற்கு அவர்கள் பக்கத்தில் ஒரு நியாயம் உண்டு. பெட்டியை நஷ்டத்துக்கு விற்றார்கள், விளையாட்டுத் தட்டுகளின் விற்பனையில்தான் அதை மீட்க வேண்டும். யார் வேண்டுமானாலும் எதையும் ஓட்டலாம் என்றால் பிழைப்பு என்னாவது? ஆகவே பூட்டுக்கு மேல் பூட்டு. தொடக்க நிரலின் 512 பைட் துண்டு ஒன்றை ஒரு சில்லுக்குள் ஒளித்து வைத்தார்கள். ஹார்ட் டிஸ்க்குக்குக் கடவுச்சொல் போட்டார்கள், அதுவும் பெட்டிக்குப் பெட்டி வேறு. அந்தக் கடவுச்சொல்லுக்கான சாவி, உள் பலகையில் இருக்கும் 256 பைட் கொள்ளளவுள்ள ஒரு சின்னச் சில்லில் இருக்கிறது. டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் வாயே திறக்காது. பலகை செத்தால் சாவியும் அதோடு போகும்.

இந்தக் கடைசி வரியை நினைவில் வையுங்கள். எங்கள் படங்களின் தலையெழுத்து அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

முதல் பூட்டைத் திறந்தவர் ஆண்ட்ரூ ஹுவாங், நண்பர்கள் வட்டத்தில் 'பன்னி'. அவரும் எம்ஐடியில் ஆய்வு மாணவர். அபய் பூஷண் கோப்பை அனுப்பும் முறையை எழுதிய அதே இடம், முப்பது வருடம் கழித்து. பெட்டிக்குள் ஒரு சில்லிலிருந்து மற்றொரு சில்லுக்கு மிக வேகமாகப் போகும் சைகைகளை ஒட்டுக்கேட்கத் தானே ஒரு சிறு பலகை செய்து, ஒளித்து வைத்த ரகசியச் சாவியைக் கண்டுபிடித்தார். 2002 மே மாதம் அதை ஆய்வுக் குறிப்பாக வெளியிட்டார். 2003-இல் 'ஹேக்கிங் தி எக்ஸ்பாக்ஸ்' என்ற புத்தகம் வந்தது. 2013-இல் ஏரன் ஸ்வார்ட்ஸ் என்ற இளைஞரின் மறைவுக்குப் பிறகு, அவர் நினைவாக அந்தப் புத்தகத்தை எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி ஹுவாங் கொடுத்துவிட்டார்.

ஆனால் அந்த வழி சாதாரண வீடுகளுக்கு ஆகாது. பலகையில் சில்லுகளைப் பற்றவைக்க வேண்டும். கை நடுங்கினால் பெட்டி போயிற்று. பற்றவைக்காமல் முடியுமா என்பதுதான் அடுத்த கேள்வி. மைக்கேல் ராபர்ட்சன் என்ற தொழிலதிபர், முதலில் பெயர் சொல்லாமல், எக்ஸ்பாக்ஸில் லினக்ஸ் ஓட்டுகிறவர்களுக்கு 2 லட்சம் டாலர் பரிசு என்று 2002-இல் அறிவித்தார். அதில் பாதி, பெட்டியைத் திறக்காமலேயே செய்பவருக்கு.

2003 மார்ச்சில் வழி கிடைத்தது. கிடைத்த இடம் யாரும் காவல் வைக்காத இடம். இந்த இடத்தில் என் பிரெஞ்சுப் படிப்பு கைகொடுத்தது. விளையாட்டை நடுவில் நிறுத்திவிட்டு நாளைக்குத் தொடர வேண்டுமென்றால், எங்கே விட்டோம் என்று பெட்டி ஒரு சிறு கோப்பில் குறித்துக்கொள்ளும். அதைப் பிரெஞ்சில் 'சோவ்கார்த்' என்பார்கள். காத்து வைத்தல் என்று பொருள். கணினியில் எதற்கும் நகல் எடுத்து வைத்தாலும் அதே சொல்தான். அந்த சோவ்கார்த் வழியாகத்தான் பூட்டு திறந்தது.

எப்படி என்பதை நம் ஆபீஸ் பாஷையில் சொல்கிறேன். பதிவேட்டில் பெயருக்கு ஒரு கட்டம், பக்கத்தில் மேலதிகாரி உத்தரவுக்கு ஒரு கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் பெயர்க் கட்டத்தில் வேண்டுமென்றே மிக நீளமாக எழுதுகிறான். எழுத்து வழிந்து பக்கத்துக் கட்டத்தில் விழுகிறது. அடுத்து வரும் குமாஸ்தா அதை உத்தரவு என்று நினைத்துச் செயல்படுத்திவிடுகிறான். ஜேம்ஸ் பாண்ட் பெயரில் வந்த 'ஏஜன்ட் அண்டர் ஃபயர்' என்ற விளையாட்டு, காத்து வைத்த கோப்பைப் படிக்கும்போது நீளத்தைச் சரிபார்க்கவில்லை. வழிந்து விழுந்த எழுத்து கட்டளையாக ஓடியது. அதற்குப் பிறகு 'மெக்அசால்ட்', 'ஸ்ப்ளின்டர் செல்' விளையாட்டுகளிலும் இதே ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. ஸ்ப்ளின்டர் செல், யூபிசாஃப்ட் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் விளையாட்டு. பிரித்தானி கிராமத்தில் ஐந்து அண்ணன் தம்பிகள் 1986-இல் தொடங்கிய கம்பெனி அது.

என் தம்பி மகன் 2005-இல், பதினேழு வயதில், அந்த வழியில்தான் போயிருக்கிறான். ஒரு சிநேகிதன் தன் மெமரி கார்டில் அந்தக் கோப்பை வைத்துக் கொடுத்தான். விளையாட்டுத் தட்டை இன்னொருவனிடம் இரவல் வாங்கினான். பெட்டியை ஒரு திருகுகூடக் கழற்றாமல் மாற்றியதால் இதற்கு சாஃப்ட்மாட் என்று பெயர். அப்படி மாற்றிய பெட்டியில் புதிய முகப்பு நிரல் ஒன்று வந்து உட்காரும். அதற்குள் ஓர் எஃப்டிபி சர்வர். நெட்வொர்க் கேபிளைச் செருகி, டிவியில் தெரியும் நான்கு பகுதி முகவரியைக் கணினியில் அடித்தால், பெட்டியின் ஹார்ட் டிஸ்க் அலமாரி மாதிரித் திறந்துகொள்ளும். பயனர் பெயர் எக்ஸ்பாக்ஸ், கடவுச்சொல்லும் எக்ஸ்பாக்ஸ். அத்தனை பூட்டையும் உடைத்தவர்கள் வைத்த பூட்டு அவ்வளவுதான்!

அங்கிருந்து பலர் பல வழி போனார்கள். வாடகைக்கு வாங்கிய தட்டுகளை நகலெடுத்து ஹார்ட் டிஸ்கில் ஏற்றிக்கொண்டவர்கள் ஏராளம். அது திருட்டுதான், அதை மழுப்ப வேண்டியதில்லை. மாற்றிய பெட்டி என்று தெரிந்தால் நிறுவனம் தன் இணைய விளையாட்டுச் சேவையிலிருந்து விலக்கிவிடும். இன்னொரு கூட்டம், சம்பளம் வாங்காமல், படமும் பாட்டும் பார்க்கும் நிரல் ஒன்றை இந்தப் பெட்டிக்காகவே எழுதியது. எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டர் என்று அதற்குப் பெயர். 2014-இல் 'கோடி' என்று பெயர் மாற்றிக்கொண்டு இன்றும் உலகம் பூராவும் டிவிகளில் ஓடுகிறது. என் தம்பி அந்தக் கூட்டத்தின் புண்ணியத்தில்தான் அம்மாவின் படத்தை டிவியில் பார்த்தான்.

2010 ஏப்ரல் 15-இல் நிறுவனம் பழைய எக்ஸ்பாக்ஸுக்கான இணையச் சேவையை மூடிவிட்டது. சுமார் 2 கோடியே 40 லட்சம் பெட்டிகள் விற்றிருந்தன. பூட்டுப் போட்டவர்கள் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள், பூட்டு மட்டும் நின்றது. சாவி வைத்திருந்தவர்கள் அந்த விளையாட்டுப் பிள்ளைகள்தான்.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருவோம்.

முதல் நாள் மாலை பெட்டியைத் திறந்தோம். அடியில் ஆறு திருகுகள். நான்கு ரப்பர் காலுக்கு அடியில், இரண்டு ஒட்டுத்தாளுக்கு அடியில். திறந்ததும் அவன் முகம் மாறிவிட்டது. பெட்டிக்கு நேரம் காட்டும் கடிகாரத்தைக் காப்பாற்ற ஒரு சிறிய கெபாசிட்டர் உண்டு. அந்தக் காலத்துப் பெட்டிகளில் அது வயதானால் ஒழுகும். ஒழுகிய திரவம் பலகையின் செப்புக் கோடுகளை அரிக்கும். எங்கள் பெட்டியிலும் ஒழுகிப் பழுப்புக் கறை படிந்திருந்தது. இன்னும் ஓரிரு வருடம் பரணில் கிடந்திருந்தால் பலகை செத்திருக்கும், சாவி போயிருக்கும், டிஸ்க் நன்றாக இருந்தும் திறந்திருக்காது. அதைப் பிடுங்கி எறிந்து, ஸ்பிரிட் தொட்டுப் பலகையைத் துடைத்தான்.

"இது இல்லாமலே ஓடும் பெரியப்பா. கரண்ட் எடுத்தா தேதி மட்டும் மறந்துடும்."

தேதி மட்டும் மறந்து மற்றதெல்லாம் ஞாபகம் இருந்தால் அது பெரிய பாக்கியமாயிற்றே என்றேன்.

இரண்டாம் நாள் மாலை மின்சாரம் கொடுத்தோம். விசிறி சத்தம் போட்டது, டிஸ்க் சுழன்றது, எங்கள் பழைய டிவியில் பச்சை வெளிச்சம் வந்தது. முதலில் அவன் படங்களை எடுக்கவில்லை. சாவி இருக்கும் அந்த 256 பைட்டை ஒரு கோப்பாக நகலெடுத்து எஃப்டிபியில் என் கணினிக்கு இறக்கினான். இந்தப் பதிவில் ஒரு வரிக்குக்கூட அந்த அளவு போதாது. திரையில் 226 வந்தது. அதை ஒரு பென் டிரைவிலும் போட்டு என் கையில் கொடுத்தான். "இனிமே பலகை செத்தாலும் பரவாயில்லை" என்றான். அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டோம்.

மூன்றாம் நாள் படங்கள். மொத்தம் 214. பெரும்பாலானவை ஒன்றன் பின் ஒன்றாக இறங்கின. அம்மா கிணற்றடியில். அப்பா முதல் சைக்கிளோடு. நானும் தம்பியும் பள்ளிக்கூட உடுப்பில், முழங்கால் வரை காலுறை போட்டுக்கொண்டு.

பட்டியலின் கடைசியில் 11 கோப்புகள் விநோதமாக நின்றன. இறங்கின, ஆனால் திறக்கவில்லை. பெயர்களைப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. எக்ஸ்பாக்ஸின் ஹார்ட் டிஸ்கில் ஒரு கோப்பின் பெயர் 42 எழுத்துக்கு மேல் இருக்க முடியாது. தம்பி ஒவ்வொரு படத்துக்கும் பிரெஞ்சில் விவரமாகப் பெயர் வைத்திருந்தான். யார் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று. அவன் ஏற்றியபோது பயன்படுத்திய நிரல், நீளமான பெயர்களை 42-வது எழுத்தில் நறுக்கிவிட்டிருந்தது. பெயரின் வாலில்தான் இது படம் என்று சொல்லும் அடையாளம் இருக்கும். அதுவும் போய்விட்டது. அடையாளம் இல்லாததால் டிவியில் அந்தப் படங்கள் வந்தே இருக்காது. அவற்றை ஏற்றிய தம்பியே பிறகு பார்த்திருக்க மாட்டான்.

இப்போது இறங்கும்போதும் அதே அடையாளம் இல்லாத குற்றத்தால் இன்னொரு சேதம். எஃப்டிபியில் இரண்டு முறைகள் உண்டு. வெவ்வேறு இயந்திரங்கள் வரி முடிவை வெவ்வேறு விதமாகக் குறித்த காலத்தில் பிறந்தது அல்லவா, எழுத்துக் கோப்பு என்றால் வழியிலேயே வரி முடிவுகளைத் திருத்திக் கொடுக்கும். படம், நிரல் முதலியவற்றை ஒரு புள்ளிகூட மாற்றாமல் அப்படியே அனுப்பும். வால் அறுந்த 11 கோப்புகளையும் என் கணினி எழுத்துக் கோப்பு என்று நினைத்து 'திருத்தி' வாங்கியிருக்கிறது. திருத்தப்பட்ட படம் படமாக இல்லை. மூலக் கோப்பில் கை வைக்காதே, நகலில் மட்டும் திருத்து என்று எங்கள் சூப்பிரண்டு சொன்னது எவ்வளவு சரி! மூலம் பெட்டிக்குள் பத்திரமாக இருந்ததால் பிழைத்தோம். முறையை மாற்றி மறுபடி இறக்கினோம். வாலை ஒட்டவைத்தோம். பதினொன்றும் திறந்தன.

தம்பி அதிகமாகப் பேசியிருந்தது அந்தப் பதினோரு படங்களைப் பற்றித்தான். அதனால்தான் பெயர் நீண்டது, அதனால்தான் அறுந்தது. பத்துப் படங்களில் இருப்பவர்களை நானே அடையாளம் சொல்லிவிட்டேன். அவன் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டான், தமிழ் எழுதத் தடுமாறி பிரெஞ்சிலேயே. பாட்டியின் தங்கையை அவன் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தான். அவளைத் தெரிந்தவர்களில் உயிரோடு இருப்பவன் நான் ஒருவன்தான் என்பது எனக்கும் அன்றுதான் உறைத்தது.

பதினோராவது படம் என்னையும் தோற்கடித்துவிட்டது. காரைக்காலில் ஒரு கல்யாணப் பந்தல். அப்பா வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறார். அவர் தோளில் கை போட்டுக்கொண்டு இன்னொருவர், தொப்பியைக் கையில் பிடித்தபடி சிரிக்கிறார். அப்பா தோளில் கை போடுகிற அளவுக்கு நெருக்கமானவர் யாரும் என் ஞாபகத்தில் இல்லை. கோப்பின் பெயர் பிரெஞ்சில் இப்படி ஓடுகிறது: கல்யாணம், காரைக்கால், 1961, இடப்பக்கம் அப்பா, அப்புறம் மிசே... அந்த 'மிசே'யைப் பிரெஞ்சில் எட்டு எழுத்தில் எழுத வேண்டும். நாலாவது எழுத்தில் 42 முடிந்துவிட்டது.

தம்பிக்கு அவர் யாரென்று தெரிந்திருக்கிறது. அப்பா அவனிடம் சொல்லியிருக்க வேண்டும், என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தம்பி மகன் ஜனவரியில் திரும்பிப் போய்விட்டான். பெட்டியை என்னிடமே விட்டுப் போனான். அம்மா படங்களின் நகல் இப்போது என் கணினியில் ஒன்று, அவனிடம் ஒன்று, என் மகள் வீட்டில் ஒன்று. 256 பைட் சாவியும் மூன்று இடத்தில் இருக்கிறது. நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரே இடத்தில் கிடக்கும் படங்கள் இருந்தால் இன்றைக்கே இன்னோர் இடத்தில் நகல் வையுங்கள். கோப்பின் பெயரைச் சின்னதாக வைத்துவிட்டு, விவரத்தைத் தனியாக ஒரு நோட்டில் எழுதுங்கள். நோட்டுப் புத்தகம் பெயரை நடுவில் நறுக்காது.

அடுத்த பதிவில் அந்தக் காரைக்கால் படத்தைப் போடுகிறேன். 1961, வெள்ளைப் பந்தல், கையில் தொப்பி, முன்பல்லில் ஒரு சின்ன இடைவெளி. காரைக்கால் பக்கத்துப் பெரியவர்கள் யாருக்காவது முகம் தெரிந்தால் ஒரு வரி எழுதுங்கள். கோப்பு வந்து சேர்ந்துவிட்டது, அந்தப் பெயர் மட்டும் இன்னும் வரவில்லை.